புதன்கிழமை நாற்காலி

ஜனவரி 9

அன்புள்ள தங்கைக்கு,

தம்பிக்கு இல்லத்தில் இடம் கிடைத்துவிட்டது. நலம் விசாரிப்பதற்கு முன்பே இதை எழுதிவிட்டேன். சரக்கை உள்ளே வைத்துக்கொண்டு வெயிலையும் மழையையும் பற்றிப் பேசுகிற வியாபாரி நானில்லை. இனி விசாரிக்கிறேன். உன் கண் எரிச்சல் எப்படி? தையல் மெஷினுக்கு நல்ல விளக்கு வாங்கச் சொன்னேனே, வாங்கினாயா? நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். கடையும் அப்படியே.

இல்லத்தை நேரில் போய்ப் பார்த்தேன். அறுபது பேர், எட்டுப் பணியாளர்கள், வாரம் ஒருமுறை மருத்துவர். சுத்தத்தில் குறையில்லை. ஒவ்வொரு அறைக்கும் வெளிப்பக்கம் பூட்டு. பூட்டின் தரத்தை எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை, அத்தனையும் என் கடையிலிருந்து போனவைதான். தம்பியின் பழைய மருத்துவக் கோப்பைக் காட்டினேன். 'தானே அறைக்குள் தாழிட்டுக்கொள்ளும் பழக்கம் உடையவர்' என்ற வரியைப் படித்ததும் பொறுப்பாளர் தலையாட்டினார். “இந்த மாதிரி ஆளுங்களுக்காகத்தான் சார், எங்ககிட்ட உள்தாழ்ப்பாளே கிடையாது” என்றார்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன் அவன் பின் அறைக்குள் இரண்டு நாள் அடைந்து கிடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். நீயும் அம்மாவும் அப்போது வீட்டில் இல்லை. நான்தான் கதவைத் திறந்தேன்.

படிவத்தில் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அம்மா போன பிறகு கூட இருந்து பார்த்துக்கொள்பவள் நீ என்பதால் உன் கையெழுத்தும் வேண்டுமாம். ஜூலை கடைசி வரை இடத்தை நிறுத்தி வைப்பார்கள். வீடு என் பெயரில் இருக்கிறது, வாங்க ஆள் தயார். நீ என்னோடு வந்து இரு. நாற்பது வயதுக்கு மேலாவது கதவைச் சாத்திக்கொண்டு தூங்கு.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லும்,
அண்ணன்


ஜனவரி 28

அண்ணாவுக்கு வணக்கம்.

விளக்கு வாங்கிவிட்டேன். கண் எரிச்சல் குறைந்திருக்கிறது. சின்னண்ணனும் சுகம். மாதாமாதம் ஊசி, தினமும் இரண்டு மாத்திரை. எனக்குப் பட்டன்களை நிறம் பிரித்துத் தருகிறார். என்னைவிட வேகம். சனிக்கிழமைகளில் மனநல மையத்துக்குத் தனியாகவே நடந்து போகிறார். அங்கே ஒரு பத்துப் பேர் சேர்ந்து காகித உறை ஒட்டுகிறார்கள். மூலைக் கடைக்காரர் இப்போதெல்லாம் அவரை 'ரேடியோ' என்று கூப்பிடுவதில்லை. அந்தப் பட்டப்பெயரை வைத்தது நீங்கள்தான் என்று எனக்கு நினைவிருக்கிறது.

படிவத்தில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். கோபப்படாமல் மேலே படியுங்கள்.

அக்டோபரிலிருந்து மையத்தின் களப்பணியாளர் ஒருவர் வீட்டுக்கு வருகிறார். புதன்தோறும் ஐந்து மணிக்கு வந்து ஆறு மணிக்குப் போவார். தெருவில் எல்லோருக்கும் அவர் 'புதன் அக்கா'. அவர் வேலை செய்யும் முறை கொஞ்சம் வேறு மாதிரி. குடும்பம் முழுவதும் வட்டமாக உட்கார வேண்டும். ஒருவர் பேசும்போது மற்றவர் வாய் திறக்கக்கூடாது. வராத ஆளுக்கும் ஒரு நாற்காலி போட வேண்டும். அதன் முறை வரும்போது எல்லோரும் இரண்டு நிமிடம் சும்மா இருக்க வேண்டும், அவ்வளவுதான். “வராதவங்களும் வீட்டுல ஒரு இடத்தை அடைச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க. அது எங்கன்னு பாத்து வச்சுக்கிறது நல்லது” என்பார். உங்களுக்காகப் போட வீட்டில் நாற்காலி போதவில்லை. பின் அறையில் கிடந்த இரும்பு மடக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டேன்.

ஒரு விஷயம். போன புதன் உங்கள் முறை வந்தபோது இரண்டு நிமிடம் முடிந்ததும் சின்னண்ணன் சிரித்தார். “அண்ணனுக்கு இடது முட்டி வலிக்குதாம். மாடிப்படி ஏறுறப்ப கம்பியைப் பிடிச்சுக்கிறானாம். யாருகிட்டயும் சொல்லலையாம்” என்றார். புதன் அக்கா அதை மறுக்கவும் இல்லை, ஆமோதிக்கவும் இல்லை. 'நாற்காலி' என்று தலைப்புப் போட்டு நோட்டில் எழுதிக்கொண்டார்.

வலிக்கிறதா அண்ணா?

உங்கள் தங்கை


பிப்ரவரி 10

தங்கைக்கு,

சுகம். உன் கடிதம் கிடைத்தது.

ஐம்பது வயதைத் தாண்டிய எவனைக் காட்டி முட்டி வலிக்கிறதா என்று கேட்டாலும் வலிக்கத்தான் செய்யும். தெருவோர ஜோசியன் செய்கிற வியாபாரம் இது. ஒன்று சரியாக விழுந்தால் ஒன்பது தப்பை எல்லோரும் மறந்துவிடுவார்கள். அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு ஒரு பெண்மணி வெறும் நாற்காலிக்கு நோட்டு எழுதுகிறாள், நீயும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். குருடனைக் குருடன் கூட்டிக்கொண்டு போகிறான்.

அந்த நாற்காலியைத் தூக்கி எறி. பழைய இரும்புக்காரனிடம் போடு. வேறு நாற்காலி வேண்டுமென்றால் பணம் அனுப்புகிறேன், நல்லதாக வாங்கிப் போடு. பின் அறைச் சாமான் எதையும் வெளியே எடுக்காதே என்று உனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்?

கையெழுத்துப் போடு.

அண்ணன்


மார்ச் 3

அண்ணாவுக்கு,

உடம்பை எப்படி வைத்திருக்கிறீர்கள்? முட்டிக்கு எண்ணெய் போடுங்கள். மறுத்து எழுதியிருந்தால் நம்பியிருப்பேன். நீங்கள் மறுக்கவில்லை.

நாற்காலியை எறியப் பார்த்தேன். பழைய இரும்புக்காரர் வண்டியில் ஏற்றியும் விட்டார். சின்னண்ணன் வாசலில் நின்று, “அதுல ஆள் இருக்குங்க, இறக்கிடுங்க” என்று தன்மையாகச் சொன்னார். இரும்புக்காரர் நாற்காலியைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார். இப்போது எங்கள் தெரு வழியாக வருவதே இல்லை.

பிப்ரவரி இரண்டாம் புதன் நாற்காலி பேசவில்லை. “இன்னிக்கு ரயில்ல இருக்கான். ஜன்னலோரம் கிடைக்கல, கோபமா இருக்கான்” என்றார் சின்னண்ணன். அடுத்த புதன் நீங்கள் இருமினீர்கள். விலை சொல்வதற்கு முன் தொண்டையைச் செருமுவீர்களே, சின்னதாக இரண்டு தடவை. அதை அவர் சொல்லவில்லை அண்ணா. நானே கேட்டேன். ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தவள், 'இதோ வந்துவிட்டேன்' என்று எழுந்தே விட்டேன். நீங்கள் கூப்பிட்டால் எழுந்துதானே எனக்குப் பழக்கம்.

வட்டம் முடிந்ததும் நாற்காலிகளை மடக்கினேன். மற்றவை உட்கார்ந்த சூட்டோடு இருந்தன. அதுவும் அப்படியே இருந்தது.

எனக்குப் புத்தி பிசகவில்லை. இருபத்திரண்டு வருடமாக இந்த வீட்டில் ஒரு உள்தாழ்ப்பாள் கிடையாது. எல்லாவற்றையும் நானே கழற்றினேன். குளிக்கும்போதுகூட, உள்ளே ஆள் இருப்பது தெரிய வேண்டும் என்று பாடிக்கொண்டே குளிக்கிறேன். அதிலும் புத்தி பிசகாதவள், ஒரு இருமலிலா பிசகிவிடுவேன்?

தங்கை


மார்ச் 20

தங்கைக்கு,

எண்ணெய் போடுகிறேன். திருப்தியா?

பிப்ரவரி இரண்டாம் புதன் நான் ரயிலில்தான் இருந்தேன், கொள்முதலுக்காக. ஜன்னலோரம் கிடைக்கவில்லை. இது எனக்கும் கடைக் கணக்கருக்கும் மட்டும் தெரிந்த விஷயம். ஆகவே கணக்கர்தான் உங்களுக்குத் துப்புக் கொடுக்கிறார் என்று முடிவுகட்டி அவரை உட்கார வைத்துக் கேட்டேன். பதினெட்டு வருடமாக என்னிடம் இருக்கும் மனுஷன், கண் கலங்கிவிட்டார்.

“நான் யாருக்கும் ஒண்ணும் எழுதல முதலாளி. எழுதறதா இருந்தா உங்களுக்குத்தான் எழுதியிருக்கணும். சொல்லப் பயமா இருந்துச்சு.”

“என்னத்தைச் சொல்ல?”

“புதன்கிழமை அஞ்சு மணியானா நீங்க உங்க நாற்காலியில போய் உக்காந்துடறீங்க. கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கறீங்க. உதடு மட்டும் அசையுது. ஆறு மணிக்கு எந்திரிச்சு, 'என்னய்யா, பில் போட்டாச்சா?'ன்னு கேக்கறீங்க. அக்டோபர்லேருந்து இப்படித்தான். வர்ற ஆளுங்ககிட்ட முதலாளி கணக்குப் போடறாருன்னு சொல்லிச் சமாளிக்கிறேன்.”

சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் பரிசோதித்தாகிவிட்டது. கோளாறு இல்லை. அசதி என்கிறார் மருத்துவர். அசதிக்குக் கிழமை பார்க்கத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை.

அந்தப் பெண்மணியின் மேல் மையத்துக்கு ஒரு புகார் எழுதிப் போட்டிருக்கிறேன். நோயாளி வீட்டில் பேய் பிசாசு வேலை நடக்கிறது என்று வெளிப்படையாகவே எழுதினேன். நீ வருத்தப்பட்டால் படு.

அண்ணன்


ஏப்ரல் 16

மதிப்புக்குரிய ஐயா,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் புகாரை மைய மேலாளர் என்னிடமே தந்து பதில் எழுதச் சொன்னார். தெருவில் புதன் அக்கா என்று சொல்வது என்னைத்தான்.

நான் ஆவியை அழைப்பவள் இல்லை. பதினோரு வருடமாக வீடு வீடாகப் போகிறேன். மாத்திரை தீரும் முன் வாங்கித் தருவது, உதவித்தொகைக்கு எழுதிக் கொடுப்பது, சண்டை முற்றுவதற்குள் நடுவில் உட்கார்ந்துகொள்வது, இதுதான் என் வேலை. காலி நாற்காலி இந்தத் தொழிலில் ஒரு சாதாரண முறை. முப்பது வீடுகளில் போட்டிருக்கிறேன். எந்த நாற்காலியும் பேசியதில்லை. அதைப் பார்த்து மனிதர்கள்தான் பேசுவார்கள். அதற்காகத்தான் போடுவது.

உங்கள் வீட்டில் கேட்டதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். உங்கள் தம்பி ஆறு மாதத்தில் ஒரு கதவைக்கூட உள்ளிருந்து சாத்தி நான் பார்த்ததில்லை. எந்த அறையில் உட்கார்ந்தாலும் கதவின் வெளிப்பக்கம் தெரிகிற இடமாகப் பார்த்து உட்காருகிறார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் எந்தக் கதவையாவது உள்ளிருந்து சாத்தியதுண்டா என்று உங்கள் தங்கையிடம் கேட்டேன். 'இல்லை' என்றார். சொன்னதும் அவருக்கே திகைப்பாக இருந்தது. கோப்பில் இருக்கும் அந்த ஒரு வரியை நம்பித்தான் ஒவ்வொரு மருத்துவரும் முடிவெடுத்திருக்கிறார். இல்லமும் அதை நம்பித்தான் இடம் தருகிறது. யார் சொல்லி அது எழுதப்பட்டது என்று கோப்பில் இல்லை. உங்களுக்குத் தெரிந்திருந்தால் சொல்லுங்கள்.

இன்னொன்று. இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். போன புதன் என் நோட்டில் 'நாற்காலி' என்ற தலைப்பின் கீழே நான்கு வரி இருந்தது. கையெழுத்து என்னுடையது. எழுதிய நினைவு எனக்கு இல்லை. நான்கு வரியும் ஒரே வாக்கியம்: 'ஒரு மணி நேரம்தான்டா.'

உங்கள் குடும்பத்தின் நலம் நாடும்,
களப்பணியாளர்


ஏப்ரல் 29

தங்கைக்கு,

விசாரிப்பெல்லாம் பிறகு. நான் வியாபாரி. மாதிரி பார்க்காமல் சரக்கு எடுத்ததில்லை. ஒரு பேரம் பேசுவோம்.

மே முதல் புதன், ஐந்து மணிக்கு, கடை அலமாரியிலிருந்து ஒரு பூட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொள்வேன். ஒவ்வொரு பூட்டிலும் ஐந்து இலக்க எண் இருக்கும். அந்த எண்ணைக் காகிதத்தில் எழுதி, ஒட்டி, கணக்கரிடம் கொடுத்துவிடுவேன். அங்கே உன் நாற்காலி அந்த எண்ணைச் சொன்னால் என் கையாலேயே படிவத்தைக் கிழித்துப் போடுகிறேன், வீடும் விற்பனைக்கு இல்லை. சொல்லாவிட்டால் நீ மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். படிவம் இத்துடன் இருக்கிறது.

சொன்ன சொல்லை நான் மாற்றியதில்லை. நீயும் மாற்றாதே.

அண்ணன்


மே 14

அண்ணாவுக்கு,

நலம்தான். நீங்களும் நலமாக இருக்க வேண்டும் என்று இன்னும் நினைக்கத்தான் செய்கிறேன்.

நாற்காலி எண்ணைச் சொல்லவில்லை. பேரப்படி நீங்கள் ஜெயித்தீர்கள். கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள். சின்னண்ணனிடமும் சொல்லிவிட்டேன். “வாக்குன்னா வாக்குதான்மா” என்றார். தன் சட்டைகளை மடித்து ஒரு பையில் வைத்து வாசலருகே வைத்திருக்கிறார். தினமும் காலையில் எடுத்துத் தூசி தட்டி மறுபடி வைக்கிறார்.

அன்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன். நாற்காலியின் முறை வந்தது. இரண்டு நிமிடம் முடிந்தது. எண் என்ன என்று நானே கேட்டேன். சின்னண்ணன் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“கையில வச்சிருக்கிற பூட்டைப் பத்திப் பேச மாட்டானாம். மேஜையில கீழ் இழுப்பறையில ஒண்ணு இருக்காம், பழைய துணியில சுத்தி. ஏழு லீவர் பூட்டு. வளையத்துல இடது பக்கம் அரம் வச்சுத் தேய்ச்ச தழும்பு. சாவி அதுலயே தொங்குதாம். அதைப் பத்தித்தான் பேசணுமாம், ஆனா வாய் வரலையாம்.”

பிறகு நாற்காலி கிறீச்சிட்டது. கனமான ஆள் முன்னால் சாய்ந்தால் வருகிற சத்தம். புதன் அக்காவும் கேட்டார். இந்த முறை அவர் நோட்டில் எதுவும் எழுதவில்லை. பேனாவை மூடிப் பைக்குள் வைத்துவிட்டார்.

அது எந்தப் பூட்டு அண்ணா?

தங்கை


ஜூன் 20

அண்ணாவுக்கு,

ஐந்து வாரமாகப் பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? நாற்காலியும் பேசவில்லை. சின்னண்ணனைக் கேட்டால், “இருக்கான். தலையைக் குனிஞ்சுக்கிட்டு இருக்கான்” என்கிறார். பை வாசலிலேயே இருக்கிறது. வண்டி எப்போது வரும் என்று மட்டும் எழுதுங்கள். அன்று நான் தைக்க உட்கார மாட்டேன்.

தங்கை


ஜூலை 18

தங்கைக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. படிவம் இரண்டு மாதமாக என் மேஜைமேல் இருந்தது. அதன் கீழ் இழுப்பறையில் அந்தப் பூட்டு. இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்துதான் வியாபாரம் செய்துகொண்டிருந்தேன்.

சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். அவன் தானே தாழிட்டுக்கொள்ளவில்லை. நான்தான் வெளியிலிருந்து பூட்டினேன்.

நீயும் அம்மாவும் அத்தையைப் பார்க்கப் போயிருந்தீர்கள். அது ஒரு திங்கள்கிழமை. அவனுக்கு நோய் புதிதாக வந்திருந்த நேரம். தெருவில் நின்று வானத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான். அன்று மாலை ஏழு மணிக்குப் பூட்டு மொத்த வியாபாரி நம் வீட்டுக்கு வருவதாக இருந்தது. அந்த ஏஜென்சி கிடைத்தால் நான் ஆள், கிடைக்காவிட்டால் இன்னொருவன் கடையில் எடுபிடி. தம்பியைப் பின் அறைக்குக் கூட்டிப்போய், அந்த இரும்பு நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு கூஜா தண்ணீரும் ரொட்டியும் பக்கத்தில் வைத்தேன். “ஒரு மணி நேரம்தான்டா” என்றேன். சரி என்று தலையாட்டினான். மாதிரிக்கு வந்திருந்த ஏழு லீவர் பூட்டைக் கதவின் வெளிக்கொண்டியில் போட்டேன். வளையம் நுழையவில்லை, அரத்தால் கொஞ்சம் தேய்த்துத்தான் நுழைத்தேன்.

வந்த ஆள் உட்காரக்கூட இல்லை. “வண்டி நிக்குது, இப்பவே தொழிற்சாலைக்கு வாங்க, அங்கேயே எழுதிடலாம்” என்றார். ஒரு நிமிடம் இருங்கள் என்று சொல்லியிருக்கலாம். திறந்தால் அவன் கத்திக்கொண்டு வெளியே வருவான், ஆள் மிரண்டு ஓடிவிடுவார் என்று கணக்குப் போட்டேன். வண்டியில் ஏறும்போது சாவி தொடையில் குத்தியது. இன்னும் குத்துகிறது.

தொழிற்சாலை வெளியூரில், எழுதி முடித்துத் திரும்பி வந்தது புதன்கிழமை மாலை. ஐந்து மணி. திறந்தேன். எப்படி உட்கார வைத்தேனோ அப்படியே கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். ரொட்டியைத் தொடவில்லை. அடுத்த நாள் நீங்கள் வந்தீர்கள். உள்ளே தாழ் போட்டுக்கொண்டான், தாழ்ப்பாள் இறுகிவிட்டது என்று அம்மாவிடம் சொன்னேன். மருத்துவரிடமும் அதையே சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். கோப்பில் அந்த ஒரு வரி என் சரக்கு.

நீ தாழ்ப்பாள்களைக் கழற்றினபோது நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

படிவம் இத்துடன் நான்கு துண்டாக வருகிறது. பேரத்தை முறிப்பது என் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. இதை அவனிடம் படித்துக் காட்டு. களப்பணியாளரிடமும் காட்டு. அவர் கேட்ட கேள்விக்குப் பதில் இதில் இருக்கிறது.

அண்ணன்


ஜூலை 30

அண்ணா,

நல்லா இருக்கியா? நான் நல்லா இருக்கேன். மாத்திரை சாப்பிடறேன். பையிலேருந்து சட்டையை எல்லாம் எடுத்துக் கொடியில போட்டுட்டேன்.

தங்கச்சி படிச்சா. அழுதா. அப்புறம் போய்க் குளிச்சா. பாடாம குளிச்சா. அதான் எனக்கு ஆச்சரியம்.

எனக்குத் தெரியும் அண்ணா. உள்ள இருந்தவன் நான்தானே? பூட்டு விழற சத்தம் வேற, தாழ்ப்பாள் போடற சத்தம் வேற. யாரும் என்னைக் கேக்கல. கேட்டா சொல்லியிருப்பேன். ஆலைச் சங்கை எண்ணி எண்ணிக் கணக்கு வச்சேன். நாப்பத்தாறு மணி நேரம்.

எனக்குக் கேக்கிற குரலுங்க மொத்தம் நாலு பேரு. அவங்களை எனக்குத் தெரியும். ஊசி போட்டா சின்னதா ஆயிடுவாங்க. நீ அதுல இல்ல. உன் குரல் நாற்காலியிலேருந்துதான் கேட்டுச்சு. ஊசி போட்டும் நீ சின்னதாகல. இதைப் புதன் அக்காகிட்ட சொன்னேன். “எனக்கும் பதில் தெரியல தம்பி”ன்னாங்க. அவங்க பொய் சொல்ல மாட்டாங்க.

ஒரு மணி நேரம்னு சொன்னியே. அது இன்னும் முடியல. வந்து முடிச்சுட்டுப் போ.

தம்பி


ஆகஸ்ட் 25

தங்கைக்கு,

நல்லபடியாகத் திரும்பி வந்து சேர்ந்தேன். முட்டி வலி அப்படியே இருக்கிறது. உன் கையால் டீ குடித்து எத்தனை வருடமாகிவிட்டது என்று ரயிலில் எண்ணிப் பார்த்தேன், நிறுத்திவிட்டேன். பேசி முடித்ததை எழுத்தில் வைப்பது என் வழக்கம். அதற்காகவே இந்தக் கடிதம்.

கோப்பில் அந்த வரியை அடித்து, பக்கத்தில் நான் சொன்னதை எழுதி, என் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டார் களப்பணியாளர். இருபத்திரண்டு வருடத்துச் சரக்கு, ஒரு கோட்டில் போய்விட்டது. உள்தாழ்ப்பாள்கள் இந்த வாரம் பார்சலில் வரும். குளியலறைக்கு நல்லதாகவே அனுப்பியிருக்கிறேன். கடை விலையைக் கேட்காதே.

நீ டீ போட உள்ளே போனபோது தம்பியும் நானும் பேசியது உனக்குத் தெரியாது. அந்த இரும்பு நாற்காலியில் உட்கார எனக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று பார்த்தாய் அல்லவா? உட்கார்ந்த பிறகு அது சூடாக இருந்தது. பூட்டையும் சாவியையும் அவன் கையில் கொடுத்தேன். உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தான், தன் விலையைச் சொன்னான்.

“அக்டோபர்லேருந்து ஒவ்வொரு புதனும் வந்திருக்கேனே, அதெல்லாம் கழிச்சுக்கலாமாடா?” என்று கேட்டேன். வியாபாரி புத்தி, கேட்காமல் இருக்க முடியவில்லை.

சிரித்தான். “அவன் ஒழுங்கா வந்தான். நீதான் வரல. அவன் கணக்கு வேற, உன் கணக்கு வேற.”

ஆறு மணிக்கு நான் எழுந்தபோது வாசல்வரை வந்தான். “நீ இங்க வந்துட்டா அங்க யாரு உக்காந்திருப்பா?” என்றான். “யாரும் வேண்டாம், கணக்கர் பாத்துக்குவார்” என்றேன். தலையை ஆட்டினான், ஆமாமா இல்லையா என்று தெரியாத மாதிரி.

வியாழன் காலை நேராகக் கடைக்குத்தான் வந்தேன். என் மேஜைமேல் ஒரு டம்ளர் டீ, ஆடை படிந்து, தொடாமல் இருந்தது. இது யாருக்கு என்று கேட்டேன்.

கணக்கர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “உங்களுக்குத்தான் முதலாளி. ஊருக்குப் போறேன்னு சொன்னீங்க, நேத்து அஞ்சு மணிக்குப் பாத்தா இங்கதான் உக்காந்திருந்தீங்க. டீ வச்சேன், குடிக்கல. ஆனா நேத்து உதடு அசையல. சும்மா கதவையே பாத்துக்கிட்டு இருந்தீங்க.”

அந்த டம்ளரை நானே கழுவி வைத்தேன். இனி புதன்கிழமைகளில் கடைக் கதவு ஆறு மணிவரை திறந்தே இருக்க வேண்டும், வெளியில் யாரும் பூட்டக் கூடாது என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. டீ மட்டும் வைப்பதாகச் சொன்னார். வை என்றேன்.

தம்பி கேட்ட விலையை நான் குறைத்துக் கேட்கவில்லை. அது இங்கே எழுத்தில் இருக்கட்டும். நாற்பத்தாறு மணி நேரம். புதனுக்கு ஒன்றாக, ஐந்து முதல் ஆறு வரை, அதே இரும்பு நாற்காலியில், கதவு திறந்திருக்க. சாவி அவனிடம். வராத புதன் அடுத்த புதனில் இரண்டாகச் சேரும். என்னை விட்டு நாற்காலிக்குத் தனியாக வந்தவன் உட்கார்ந்த மணி எதுவும் இதில் கழியாது. ஒன்று முடிந்தது. பாக்கி நாற்பத்தைந்து.

அண்ணன்